தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மைக்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கோயில் மைக்கின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன்.

ஆமாம், நான்தான். அன்று அங்கே இருந்தவர்கள் பலர் கரண்ட் போய்விட்டது என்று மேலே விசிறியைப் பார்த்தார்கள். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கரண்ட் எல்லாம் எங்கேயும் போகவில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கோபம் புதிதில்லை. கல்யாண மண்டபத்தில் கைப்பையை வைத்து ஆறு நாற்காலி பிடிக்கிறவர்கள், கடை முன்னால் நடைபாதையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நம்மைச் சாலையில் இறங்கி நடக்க வைக்கிறவர்கள் என்று வாரத்துக்கு ஒருவரைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களுக்குப் பிரஷர் இருக்கிறதா என்று பாகான் செராயிலிருந்து ஒரு வாசகி அக்கறையாகக் கேட்டிருந்தார். இருக்கிறது அம்மா. மாத்திரையும் தவறாமல் சாப்பிடுகிறேன். ஆனால் கிருஷ்ண ஜெயந்தி அன்று அந்தக் கோயிலில் பார்த்ததற்கு மாத்திரை போதவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கியது தப்பா, சரியா... நீங்களே சொல்லுங்கள்.

ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் பழைய சாலையில், உள்ளே தள்ளி, நான் பிறந்த எஸ்டேட் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வதுகூட ஒரு பழக்கதோஷம்தான். ரப்பர் பால்மரம் போய் செம்பனை வந்தது. செம்பனையில் பாதி போய் தாமான் என்கிற குடியிருப்பு வந்தது. தொழிலாளர் லயங்கள் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள், வாசலில் கார்கள். அதற்காகப் பெருமூச்சு விடுகிற ஆள் நானில்லை. லயத்துக் கூரை ஒழுகியதை மறந்தவர்கள் விடட்டும்.

பெருமாள் கோயில் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. கமுந்திங், தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர் என்று சிதறிப் போனவர்கள் எல்லாரும் வருடத்துக்கு ஒரு தடவை கிருஷ்ண ஜெயந்திக்கு வந்து சேருவார்கள். அதுவும் சரியான திதியில் இல்லை, அதை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில். கண்ணன் நள்ளிரவில் பிறந்தான் என்று உலகத்துக்கே தெரியும். எங்கள் கோயிலில் அவன் சாயங்காலம் ஐந்து மணிக்கே பிறந்துவிடுவான். மறுநாள் காலை ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் வெளிச்சத்தோடு வீடு திரும்ப வேண்டாமா? பெருமாள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறவர் இல்லை.

ஐந்து மணிக்குப் பிறந்த குழந்தையைத் தொட்டிலில் போடுவார்கள். தவழும் கண்ணன், பித்தளையில் செய்தது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. மல்லிகையும் சாமந்தியும் சுற்றிய மரத்தொட்டில். யார் வேண்டுமானாலும் போய் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு வரலாம். நான் ஆட்டியிருக்கிறேன். என் பையன்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டு ஆட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான் வழக்கம். அதில் யாருக்கும் எந்தச் சிக்கலும் இருந்ததில்லை.

சில வருடங்களுக்கு முன்னால், பிள்ளை இல்லாத ஒரு தம்பதி தொட்டிலை ஆட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் கையில் பிள்ளையோடு வந்தார்கள். சந்தோஷமான விஷயம்தான். ஆனால் பெருமாளைவிடக் கோயில் நிர்வாகம்தான் அதிகம் பெருமைப்பட்டது. அன்றைக்குப் பிடித்தது சனி. அந்த வருடத்திலிருந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மைக் வந்தது.

“குழந்தை பாக்கியம் இல்லாத தம்பதிகள் தயவு செய்து முன்வரிசைக்கு வரவும்.”

இதை எப்படி இத்தனை வருடம் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறோம்? நான் கேட்கிறேன்... நாளைக்கே, “மகன் லாக்கப்பில் இருப்பவர்கள் முன்வரிசைக்கு வரவும்” என்று அறிவித்தால் போவோமா? “மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டவர்கள் தொட்டில் அருகே வரவும்” என்றால்? “மூலம் உள்ளவர்கள் இந்தப் பக்கம் வரிசையாக நிற்கவும்” என்றால்? கோயிலையே இரண்டாக்கிவிடுவோம். ஆனால் ஒரு பெண்ணின் வயிற்றைப் பற்றி ஸ்பீக்கரில் பேசினால் மட்டும் அது பிரார்த்தனை. சர்க்கரை அளவைக்கூட டாக்டர் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்கிறார்.

வேண்டிக்கொள்வதில் தப்பே இல்லை. யாரும் கூப்பிடாமல் தானாக வந்து, தொட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுத பெண்ணைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்று நானும் வேண்டியிருக்கிறேன். தானாக வருவது வேறு. கூப்பிட்டு நிறுத்துவது வேறு. இந்த வித்தியாசம் தெரிய ஒருவர் பெரிய படிப்பு படித்திருக்க வேண்டியதில்லை.

இப்போது செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செல்வி என் சித்தப்பா மகள். என்னைவிட ரொம்பச் சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கணவர் குமரேசனுக்குக் கமுந்திங் தொழிற்பேட்டையில் ஒரு பேக்டரியில் டெக்னீஷியன் வேலை. வீடும் அங்கேதான். கிருஷ்ண ஜெயந்தி என்றால் முதல் நாளே வந்து கோயில் சமையல்கட்டைப் பிடித்துக்கொள்வாள். முறுக்கு, தட்டை, அதிரசம். முக்கியமாகச் சீடை. எண்ணெய்ச் சட்டியில் சீடை வெடித்து முகத்தில் தெறிக்கும் என்று மற்றவர்கள் பத்தடி தள்ளி நிற்கும்போது, இவள் பக்கத்தில் நின்று கதை பேசிக்கொண்டே பொரித்து எடுப்பாள்.

ஆனால் தொட்டில் ஆட்டும் நேரம் வந்தால் மட்டும் செல்விக்கு எப்படியோ ஒரு வேலை வந்துவிடும். பெரிய அண்டாவைக் கழுவ வேண்டும். ஐஸ் தீர்ந்துவிட்டது, கடைக்குப் போக வேண்டும். வாழை இலை பத்தாது. சமையல்கட்டில் இருக்கிற பெண்களுக்கு ஏன் என்று தெரியும். யாரும் கேட்க மாட்டார்கள். “நீ போய் எல வெட்டிட்டு வா செல்வி” என்று அவர்களே அனுப்பியும் விடுவார்கள். நம் ஜனங்களுக்கு இந்த நாசூக்கு தெரியாமல் இல்லை. மைக் கைக்கு வந்தால்தான் மறந்துவிடுகிறது.

செல்விக்குப் பிள்ளை பிறக்கவில்லை என்றுதானே இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? தப்பு. செல்விக்கு ஒரு மகள் பிறந்தாள். முழு மாதம் சுமந்து பெற்ற பிள்ளை. காலையில் பிறந்தாள். சாயங்காலம் வரை மூச்சு இருந்தது. டாக்டர்கள் முடிந்ததெல்லாம் செய்தார்கள். பிறகு குமரேசன்தான் துணியில் சுற்றி, யாரிடமும் கொடுக்காமல், தானே தூக்கிக்கொண்டு போய் மண்ணில் வைத்துவிட்டு வந்தார். நான் கூட இருந்தேன். அந்த மனிதர் நடந்த நடை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

ஒரு மாதம் எல்லாரும் வந்து அழுதார்கள். அதற்குப் பிறகு ஒரு சொல் கிளம்பியது. “தங்கல.”

பிள்ளை தங்கவில்லை. அவ்வளவுதான். வாடகைக்கு வந்து காலி செய்துவிட்டுப் போனது போல! அந்த ஒரு சொல்லோடு செல்வியை மறுபடியும் ‘இல்லாதவர்கள்’ கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். பிறகு ஆரம்பித்தது உபதேசம். ஈப்போவில் ஒரு ஸ்பெஷலிஸ்ட் இருக்கிறார். பினாங்கில் ஒரு கோயில் இருக்கிறது. காப்பியை நிறுத்து. உடம்பைக் குறை. உடம்பைக் கூட்டு. “கெசியான்லா இந்தப் புள்ள” என்று அவள் காதுபடவே ஒரு பெருமூச்சு. நம்மூர்த் தமிழனுக்கு இரக்கம் வந்தால் மலாய்ச் சொல்தான் முதலில் வாயில் வரும். இரக்கம் எந்த மொழியில் வந்தாலும் கேட்கிறவளுக்குக் காது வலிக்கத்தான் செய்யும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே ஜனங்கள், வளைகாப்பு என்றால் செல்வி கையால் வளையல் போட விடமாட்டார்கள். நேரடியாகச் சொல்லவும் மாட்டார்கள். “நீ அந்தச் சாப்பாட்டுப் பக்கம் கொஞ்சம் பாத்துக்கம்மா” என்பார்கள். வீட்டில் ஓரமாக நில் என்கிறோம். கோயிலில் நடுவே வந்து நில் என்கிறோம். எங்கே நிற்க உனக்கு இஷ்டம் என்று அவளை ஒரு தடவையாவது கேட்டோமா?

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கோயில் தலைவர் மாணிக்கம் அண்ணே. லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கூடாரம் போட முதலில் வந்து நிற்கிறவர் அவர்தான். கோயிலுக்குப் புதுக் கூரை வந்ததே அவர் அலைந்த அலைச்சலில்தான். கெட்டவர் யாராவது இதைச் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. போகிறான் என்று விட்டிருப்பேன்.

மாணிக்கம் அண்ணே நல்லவர் என்பதால் செல்வியை மறக்கவில்லை. கோயிலுக்கு இவ்வளவு உழைக்கிற பெண், ஒரு வருடம்கூடத் தொட்டில் பக்கம் வந்ததில்லையே என்று அவருக்கு ரொம்ப நாளாக மனதில் உறுத்தியிருக்கிறது. ஏன் வரவில்லை என்று மட்டும் யோசித்துப் பார்க்கவில்லை. இந்த வருடம் சமையல்கட்டிலும் ஒரு ஸ்பீக்கர் மாட்டிவிட்டார்கள். பாவம், சமைக்கிற பெண்களும் பஜனை கேட்கட்டும் என்று.

நான் செல்விக்குப் பக்கத்தில் முறுக்கை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் அடுப்பில் கடைசிச் சட்டிச் சீடை. ஸ்பீக்கரில் அண்ணே குரல் வந்தது. வழியை மறித்து நிற்கிற வெள்ளைக் காரை உடனே எடுக்கச் சொன்னார். அடுத்து, குழந்தை பாக்கியம் இல்லாதவர்கள் முன்னால் வரச் சொன்னார். செல்வி அண்டாவைப் பார்த்தாள். அதைக் கழுவப் போய்விடலாம் என்று நினைத்திருப்பாள். அதற்குள், வெள்ளைக் காரைக் கூப்பிட்ட அதே குரலில், அதே வேகத்தில் வந்தது அறிவிப்பு.

“கமுந்திங் குமரேசன், செல்வி தம்பதி, எங்கிருந்தாலும் உடனே தொட்டில் பக்கம் வரவும்.”

சமையல்கட்டில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

குமரேசன் வெளியே கார் நிறுத்துகிறவர்களுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தவர், வேர்க்க வேர்க்கச் சமையல்கட்டு வாசலுக்கு ஓடி வந்தார். முகம் சிவந்திருந்தது. “நீ இரு. வேணாம்னு நான் போயி சொல்லிட்டு வாரேன்” என்றார்.

செல்வி கேஸைக் குறைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க போனா சண்டையாப் போயிரும். பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டாங்க. போயிட்டு வந்துருவோம்” என்று சொல்லிவிட்டு நடந்தாள். முந்தானையில் அரிசி மாவு. நான் பின்னாலேயே போனேன்.

தொட்டில் முன்னால் ஏற்கனவே ஒரு இளம் தம்பதி நின்றுகொண்டிருந்தது. கல்யாணம் ஆகி ரொம்ப நாள் ஆகியிருக்காது. அதற்குள் வீட்டில் யாரோ பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும். அந்தப் பெண் தரையில் எதையோ தொலைத்தவள் மாதிரி குனிந்தே நின்றாள். நிர்வாகத்துப் பிள்ளை ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்து லைவ் போட்டுக்கொண்டிருந்தான். வர முடியாத சொந்தபந்தங்களும் பார்க்க வேண்டுமல்லவா? இதிலும் நமக்கு நல்ல எண்ணம்தான்.

மாணிக்கம் அண்ணே செல்வியை உட்கார வைத்து, கண்ணனை எடுத்து அவள் முந்தானையில் வைத்தார். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “இந்தத் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயி இத்தன வருசம் ஆச்சு. ஒரு புள்ள பொறக்கல. நம்ம கோயிலுக்கு எவ்ளோ செய்யிது பாருங்க. எல்லாரும் ஒரு நிமிசம் கண்ண மூடி இந்தத் தங்கச்சிக்காக வேண்டிக்குங்க” என்றார்.

கூட்டம் கண்ணை மூடியது. நான் மூடவில்லை. நான் செல்வியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முந்தானையில் கிடந்த பித்தளைப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொறந்துச்சு அண்ணே” என்றாள்.

சின்னக் குரல்தான். மைக் பக்கத்தில் இருந்ததால் சமையல்கட்டு ஸ்பீக்கர் வரைக்கும் போனது. மூடிய கண்கள் திறந்தன.

மாணிக்கம் அண்ணே குனிந்தார். குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது மாதிரி, அவ்வளவு பிரியமாக, மைக்கை இறக்காமலே சொன்னார். “அது தங்கலயேம்மா. அதப் போயி எப்படிச் சேத்துக்கறது?”

அப்படியென்றால் அவருக்குத் தெரியும்! அவருக்கு மட்டுமா, அங்கே உட்கார்ந்திருந்த பாதிப் பேருக்குத் தெரியும். சாவுக்கு வந்தவர்கள்தானே அவர்கள். தெரியாமல் சொன்னார்கள் என்றால் மன்னித்துவிடலாம். தெரிந்துகொண்டே, ஒரு பிள்ளையைப் பிள்ளைகளில் சேர்க்க முடியாது என்று கோயிலில் வைத்து, சாமி முன்னால், ஸ்பீக்கரில்...

எனக்கு அடுத்து என்ன நடந்தது என்று கோர்வையாகச் சொல்ல வராது. சுவரோரமாக ஒரு வயர் ஓடியது தெரிந்தது. அதன் முடிவில் பிளக் இருந்தது. பிடுங்கினேன்.

மைக் செத்தது. பஜனை கோஷ்டி தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தது. கூட்டம் விசிறியைப் பார்த்தது. அண்ணே மைக்கை உள்ளங்கையில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிசப்தத்தில் செல்வி பேசினாள்.

“தங்கலதான் அண்ணே. ஆனா பொறந்தா. நான்தான் பெத்தேன்.”

மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்டது.

அவள் எழுந்து கண்ணனைத் தொட்டிலில் வைத்தாள். சாய்ந்திருந்த கிரீடத்தை நேராக்கினாள். மெதுவாக ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, குமரேசனோடு திரும்பி நடந்தாள். பின்னாலேயே அந்த இளம் பெண்ணும் கணவன் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டாள். தொட்டில் முன்னால் மாணிக்கம் அண்ணே மட்டும், செத்த மைக்கோடு.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்த வாரம் முழுக்கத் திட்டி மட்டும்தான் எழுதியிருப்பேன்.

எங்கள் கோயிலில் தொட்டிலுக்குப் பிறகு இன்னொரு வழக்கம் உண்டு. பிள்ளை பெற்ற மருந்து கொடுப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு வீட்டில் கிண்டிக் கொடுப்போமே, அதேதான். சுக்கு, மிளகு, திப்பிலி, நல்லெண்ணெய். கருப்பட்டி கிடைக்காததால் குலா மலாக்கா வெல்லம். கண்ணனைப் பெற்ற தாய்க்குப் படைத்துவிட்டு, முதலில் பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கொடுப்பார்கள். அவர்கள் வாங்கிய பிறகுதான் மற்றவர்களுக்கு. யார் வைத்த முறை என்று தெரியாது. அந்த மருந்தைப் பல வருடமாக இடித்துக் கிண்டுவது செல்விதான். அந்த வரிசையில் அவள் ஒரு நாளும் நின்றதில்லை.

அன்று நின்றாள்.

நான் வரிசையில் இருந்தேன். எனக்கு இரண்டு பேருக்கு முன்னால் செல்வி நிற்பதைப் பார்த்தேன். முகம் கழுவியிருந்தாள். புடவை மாவைத் தட்டியிருந்தாள். எனக்குப் பின்னால் இருந்த ஒரு அம்மா என் தோளைத் தொட்டு, இது பெத்தவங்க வரிசையாச்சே என்று முணுமுணுத்தார். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன்.

மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் லெட்சுமி அக்கா, மாணிக்கம் அண்ணே மனைவி. கறாரான பெண்மணி. கோயில் முறை என்றால் முறைதான், பெருமாளே வந்து கேட்டாலும் மாற்ற மாட்டார். செல்வி முன்னால் போய்க் கையை நீட்டியதும் கரண்டி நின்றது. லெட்சுமி அக்கா அவள் முகத்தையே பார்த்தார். நான் அடுத்த சண்டைக்குத் தயாராகிவிட்டேன். என்ன பேசுவது என்று முதல் வாக்கியம்கூட வந்துவிட்டது.

“புள்ளைக்குப் பேரு என்னா வச்சீங்க?” என்று கேட்டார் லெட்சுமி அக்கா.

இத்தனை வருடத்தில் வெளியாள் யாரும் செல்வியிடம் கேட்காத கேள்வி அது.

“தாரணி.”

“கைய நல்லா நீட்டு, தாரணி அம்மா” என்றார் லெட்சுமி அக்கா. கரண்டி நிறைய எடுத்து வைத்தார்.

நம் பெண்களுக்கு ஒரு பிள்ளை பிறந்ததும் சொந்தப் பெயர் காணாமல் போய்விடுகிறது, காலமெல்லாம் இன்னார் அம்மா, இன்னார் அம்மா என்றே கூப்பிடுகிறார்கள் என்று இதே பத்தியில் நான் காய்ச்சி எடுத்திருக்கிறேன். பலர் பாராட்டி எழுதியிருந்தீர்கள். இப்போதும் அந்தக் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் அன்று அந்த வரிசையில் நின்றுகொண்டு நான் அழுதேன். செல்வி அழவில்லை. உள்ளங்கையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து, “திப்பிலி கொஞ்சம் தூக்கலாப் போச்சுக்கா” என்றாள்.

நியாயமாகப் பார்த்தால் இத்தோடு என் கோபம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. ஒரு பெண் தன் பிள்ளை பிறந்தது என்று ஊரைக் கூட்டி நிரூபித்த பிறகுதான் ஒரு கரண்டி மருந்து கிடைக்கும் என்றால், அது என்ன முறை? பிறந்தநாள் கண்ணனுக்கு. விருந்துக்கு வந்தவர்களின் வயிற்றை விசாரிக்கிற வேலையை நமக்கு யார் கொடுத்தது? அந்த இளம் பெண்ணுக்குச் சொல்ல ஒரு பதில்கூட இருந்திருக்காது. செல்விக்காவது ‘பொறந்தா’ என்று சொல்ல முடிந்தது. பிள்ளையே பிறக்காத பெண் என்ன சொல்லுவாள்? அவள் எதற்குச் சொல்ல வேண்டும்?

இரண்டு நாள் கழித்து மாணிக்கம் அண்ணே போன் செய்தார். பிளக் விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கோபமில்லை, வருத்தம்தான் என்றார். மனைவி வீட்டில் சரியாகப் பேசுவதில்லை என்று சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியது. நல்லதுக்குத்தானே செய்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது எனக்கும் தெரியும் என்றேன். அதனால்தான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்றும் சொன்னேன். அடுத்த வருடம் எப்படித்தான் அறிவிப்பது என்று கேட்டார். அறிவிக்கவே வேண்டாம் அண்ணே, தொட்டிலைப் போட்டுவிட்டு நகர்ந்து நில்லுங்கள் என்றேன்.

“கூப்புடலன்னா யாருலா வருவா?” என்றார், நிஜமாகவே புரியாமல்.

“வரணும்னு இருக்கிறவங்க வருவாங்கண்ணே. வேணாம்னு இருக்கிறவங்க நிம்மதியாச் சீட பொரிப்பாங்க.”

நிர்வாகக் கூட்டத்தில் வைத்துப் பேசுகிறேன் என்றார் அண்ணே. கோயில் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் பெரிய நம்பிக்கை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

செல்வியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எழுதலாமா என்றதும் அவள் குமரேசனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். மறுநாள் கூப்பிட்டாள். எழுதலாம், ஆனால் பேரையெல்லாம் மாற்றிவிட வேண்டும். அவர் வேலை இடத்தில் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்களாம். அண்ணே பேரையும் மாற்றச் சொன்னாள், வயசான காலத்தில் அவர் மனசு நோகக் கூடாது என்று. எல்லாம் சரி என்றேன். போனை வைக்கப் போனவள், “அக்கா, அவ பேர மட்டும் மாத்திராதீங்க” என்றாள்.

செல்வி, குமரேசன், மாணிக்கம், லெட்சுமி எல்லாம் நான் வைத்த பெயர்கள். தாரணி, அவள் அம்மா வைத்த பெயர்.